இரண்டாம் சாவி

மாலை ஏழரை மணி. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் தண்ணீர். நடுவில் ஒரே ஒரு கார்... அதுவும் நின்றுகொண்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நடுவில் அது படாரென்று அடித்தால் அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

நம் ரேடியோவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாயை மூடத் தெரியாத ஆசாமி, அதனால்தான் அந்தப் பெயர். இது அவனுடைய மச்சானுக்கு நடந்தது. மனைவியின் அண்ணன். கார்களுக்குச் சாவி செய்து கொடுப்பது தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிறவர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். 'சாவி' என்றால்தான் அவனை யாருக்கும் தெரியும்.

அன்று ரேடியோ வெளியூரில் வேலையாக இருந்தான். வீட்டில் அவன் மனைவிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இருப்பதுதான். நெஞ்சுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் அண்ணன்காரன் அவளுக்கு வைத்த பெயர் 'விசில்'. போன் வந்ததும் சாவி தோளில் தொழில் பையோடு ஓடிவந்தான். வாசலில் நின்ற அவர்களுடைய காரிலேயே அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டான். ஆஸ்பத்திரி ஏரிக்கு அந்தப் பக்கம். குறுக்கு வழியில் போனால் கால்மணி நேரம்.

"மெதுவாப் போண்ணா... நான் போறதுக்குள்ள... நீயே என்னை மேல கொண்டுபோய்ச் சேர்த்துடுவ போலிருக்கு."

"பேசாம வா. இருக்கிற காத்தையும் பேசியே தீர்த்துடாதே. புருஷன் ரேடியோன்னா நீயும் நியூஸ் வாசிக்கணுமா?"

அவள் சிரிக்க முயன்றாள். விசில்தான் வந்தது.

ஏரி வளைவில் அவள் கையிலிருந்த இன்ஹேலர் நழுவி முன்சீட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது. சாவி வண்டியை ஓரம்கட்டி அணைத்தான். இறங்கி வந்து பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தான். மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் துழாவி எடுத்தான். குலுக்கிப் பார்த்தான்... லேசாக இருந்தது. அழுத்தினான். புஸ்... வெறும் காற்று. தீர்ந்துபோயிருந்தது.

தூறல். கதவைத் திறந்தபடியே விட்டு, போனை உயர்த்திப் பிடித்துச் சாலையில் நாலடி நடந்தான். சிக்னல் இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தினான். சாத்தும்போது வண்டி அந்தப் பக்கமாக ஒருமுறை அழுந்தி எழுந்த மாதிரி இருந்தது. தன் முழங்கால் இடித்திருக்கும் என்று நினைத்தான்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

இன்ஜின் உடனே பிடித்தது. ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... நின்றுவிட்டது.

மறுபடி திருகினான். பிடித்தது. நின்றது.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை. உன்னை மாதிரியே இதுக்கும் இளைப்பு."

சொல்லிவிட்டானே தவிர, அவன் காது வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சாவியைப் பாதி திருகி நிறுத்தினான். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் 'ம்ம்ம்' என்று முனகி அடங்கியது. பம்ப் சரி. முள் பாதிக்கு மேல் நின்றது. பெட்ரோலும் இருக்கிறது. இறங்கி பானெட்டைத் தூக்கினான். பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தான். கெட்டி. காற்று வடிகட்டியைக் கழற்றி ஊதினான். சுத்தம். காற்று போகிற வாயில் கரி அடைத்திருந்தால்கூட இப்படி நிற்கும். கைக்குட்டையைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தான். கரி கொஞ்சம்தான் வந்தது. மறுபடி வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே திருகினான்.

பிடித்தது... நின்றது.

அந்த நிற்கிற விதம்தான் அவனை உறுத்தியது. பெட்ரோல் கிடைக்காமல் சாகிற இன்ஜின் இருமும், திணறும், வண்டியை உலுக்கும். இது இருமவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தின மாதிரி... பட்டென்று நின்றது.

பின்னால் விசில் சத்தம் மெலிந்து, நீண்டு வந்தது. மெலிந்தால் நல்லதில்லை. அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்போதுதான் கவனித்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னச் சாவிப் படம் போட்ட விளக்கு... சிமிட்டிக்கொண்டிருந்தது.

சாவிக்கோளாறு.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் இதைத்தான் முதலில் பார்த்திருப்பான். ஆனால் இந்தச் சாவியைச் செய்ததே அவன்தான். தன் பிள்ளையைத் திருடன் என்று யாராவது எடுத்த எடுப்பில் சந்தேகப்படுவார்களா?

இந்த இடத்தில் அவன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப்பு இருக்கும். சாவி நுழைகிற துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். திருகியதும் வளையம் கேட்கும், 'யார் நீ?' சிப்பு தன் எண்ணைச் சொல்லும். வண்டியின் பதிவில் அந்த எண் இருந்தால் இன்ஜினை ஓடவிடும். இல்லையென்றால் இரண்டு மூச்சு விட்டுக் கழுத்தைப் பிடித்துவிடும். திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. இன்னொரு சங்கதியும் உண்டு. இரண்டு சாவியை ஒன்றாகக் கோத்து வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் இதே தொல்லை வரும். வளையம் கேட்டதும் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வண்டி குழம்பிப்போய் யாரையும் நம்பாது.

சாவி தன் பையிலிருந்து, வண்டியின் பதிவைப் படிக்கிற கையடக்க ஸ்கேனரை எடுத்தான். அதன் வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினான். திரை விழித்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட சாவி. ஒன்றை அகற்றவும்.

"விசில், உன் பையில இன்னொரு சாவி வச்சிருக்கியா?"

"நீ குடுத்தது... ஒண்ணுதானே..."

வண்டியை இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கியபோது சாவியே இல்லை. தொலைந்துவிட்டது என்றுதான் ரேடியோ சொன்னான். பழைய சாவி கையில் இல்லாத வண்டிக்குப் புதிது செய்தால், முதலில் பழையதின் எண்ணைப் பதிவிலிருந்து அழிக்க வேண்டும். அந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். இல்லையென்றால் தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறதோ அவரும் வண்டிக்குச் சொந்தக்காரர்தான். ஊராருக்கு ஒழுங்காக அழித்துக் கொடுக்கிறவன், 'நம்ம வீட்டு வண்டிதானே' என்று சோம்பலில் அழிக்காமல் விட்டிருந்தான். பழையது முதல் சாவி. அவன் செய்தது இரண்டாம் சாவி. இரண்டும் பதிவில் இருந்தன.

இருக்கட்டும். ஆனால் அந்த வளையத்துக்குக் காது ரொம்ப மந்தம். ஒரு சாண் தூரத்துக்கு மேல் கேட்காது. பின்சீட்டில் இருக்கிற சாவிகூட அதற்குத் தெரியாது.

சாவி தன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். வண்டிக்குப் பின்னால் நடந்துபோய், அதை மண்ணில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். ஸ்கேனரைப் பார்த்தான்.

ஒரு சாவி அருகில் உள்ளது.

துவாரம் காலியாக இருந்தது. ஸ்டியரிங் அடியில் தடவினான். மிதியடியைத் தூக்கினான். கியருக்குப் பக்கத்துக் குழியில் விரலை விட்டான். ஒன்றும் இல்லை. திரையில் மட்டும் அந்த வரி அசையாமல் நின்றது.

அப்புறம் மூக்குக்குத் தெரிந்தது. பாசி வாடை. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டால் வருமே... அந்த வாடை. வெளியே தூறல் நின்றிருந்தது. ஆனால் உள்ளே எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... பக்கத்து இருக்கையின் மிதியடி மேல்.

"விசில்... இந்த வண்டி முன்னாடி யாரோடது?"

பின்னாலிருந்து மூச்சுதான் வந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். யார்கிட்ட வாங்கினீங்க?"

"திட்டமாட்டியே..."

"திட்ட மாட்டேன், சொல்லு."

"அந்தாளு... இந்த ஏரியிலதான்... வண்டியக் கரையில பூட்டிட்டு... சாவியச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு... தண்ணிக்குள்ள நடந்து போயிட்டாராம். அவர் சம்சாரம்தான் சொன்னாங்க." நிறுத்தி, இழுத்து, சேர்த்துக்கொண்டாள். "உன்கிட்ட சொன்னா... வேண்டாம்பேன்னு எங்க வீட்டுக்காரர்தான்..."

"ஆள் கிடைச்சாரா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

சாவி தங்கையின் உதட்டைப் பார்த்தான். நீலம் பாரித்திருந்தது. இனி யோசிக்க நேரமில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்... எத்தனை தூரம்? இந்தச் சாலையில் மாலைக்கு மேல் ஒரு வண்டியும் வராது. காரை ஓடவைத்தால்தான் தங்கை பிழைப்பாள்.

பயந்தவன் கையிலும் பழகிய வேலை இருந்தால் கை தானாக ஓடும். மண்ணில் கிடந்த சாவியை எடுத்து வந்து துவாரத்தில் நுழைத்தான். ஸ்கேனரில் அழிக்கிற பகுதியைத் திறந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாச் சாவிகளின் எண்ணையும் அழிக்கும் பகுதி. அழித்துவிட்டால், தண்ணீருக்குள் போன சாவி வண்டிக்கு வெறும் இரும்புத் துண்டு. அப்புறம் அது எவ்வளவு பேசினாலும் வண்டி காது கொடுக்காது.

உறுதிசெய் என்றது திரை. அழுத்தினான்.

காத்திருக்கவும்.

திருடர்கள் சட்டென்று முடித்துவிடக் கூடாது என்று வைத்த இடைவெளி அது. சாவி இருட்டில் உட்கார்ந்திருந்தான். பின்னால் விசில். பக்கத்தில் சொட்டு. தன் இடது முழங்கையில் குளிர் ஏறுவது தெரிந்தது. யாரோ ஈரக் கையை நீட்டி, அவன் கைக்கு மேலாக, சாவித் துவாரத்தின் பக்கம்... அவன் திரும்பவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பீப்.

முடிந்தது. திருகவும்.

திருகினான். இன்ஜின் பிடித்தது. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நான்கு... நிற்கவில்லை! சாவிப் படம் போட்ட விளக்கு அணைந்தது.

"விசில்! வந்துடுச்சுடி! பிடிச்சுக்கோ!"

வண்டி சீறிக் கிளம்பியது. வளைவைத் தாண்டியபின்தான் மடியில் கிடந்த ஸ்கேனரைப் பார்த்தான். கீழே ஒரு வரி மீதமிருந்தது.

முதல் சாவி - உள்ளது. இரண்டாம் சாவி - நீக்கப்பட்டது.

ஒருமுறை படித்தான். இன்னொருமுறை படித்தான்.

நீக்கப்பட்டது அவனுடையது. இரண்டு சாவி பக்கத்தில் இருந்தபோது அழிக்கச் சொன்னால், வளையத்துக்கு எது நெருக்கமோ அதைத்தான் வண்டி வைத்துக்கொள்ளும். அவன் கையில் இருப்பது இப்போது வெறும் இரும்பு. துவாரத்தைத் திருக மட்டும் உதவும். இன்ஜினுக்கு அனுமதி கொடுத்தது... மற்றது.

அப்படியென்றால் வண்டி நிற்காமல் ஓடுகிறது என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவர் இன்னும் இறங்கவில்லை.

டிங்... டிங்... டிங்...

முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி எழுப்புகிற சத்தம். சாவி சாலையையே பார்த்தான். டிங்... டிங்...

க்ளிக்.

சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எப்படி வந்தான் என்று இன்றுவரை அவனுக்கு நினைவில்லை. வார்டு ஆட்கள் ஓடிவந்து தங்கையைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் தணிந்தது. நர்ஸ் வெளியே வந்து, "இப்ப பரவாயில்லை. கரெக்டான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க" என்றாள். சாவி சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அப்போது செக்யூரிட்டிக்காரர் வந்தார்.

"வாசலை மறிச்சுக்கிட்டு ஒரு வண்டி நிக்குதே, யாருதுங்க? ஆம்புலன்ஸ் வரணும், எடுங்க சார்."

போகப் பிடிக்கவில்லை. போனான். எட்டியிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருகினான்.

பிடித்தது. ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... நின்றது.

மறுபடி திருகினான். நின்றது.

"பெட்ரோல் போட்டீங்களா சார்?" என்று செக்யூரிட்டிக்காரர் சிரித்தார். "சரி, தள்ளிருவோம். நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க."

சாவிக்கு அவர் பேசியது காதில் விழவில்லை. அவன் கையில் இருப்பது பதிவில் இல்லாத சாவி. வண்டி நிற்கத்தான் வேண்டும். நியாயமாகத்தான் நிற்கிறது. வரும்போது அனுமதி கொடுத்தவர்... இப்போது உள்ளே இல்லை.

பக்கத்து இருக்கையின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கழற்றிவிடப்பட்ட பெல்ட் வெளியே தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சாவி ஓடினான். படிக்கட்டில் ஒருவரை இடித்தான். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

கட்டிலைச் சுற்றி நாலு பேர். நடுவில் டாக்டரம்மா, காதில் ஸ்டெதாஸ்கோப்போடு. தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது. எழுந்தது, தாழ்ந்தது. நின்றுவிட்டது.

டாக்டரம்மா தோளைத் தட்டினார். நெஞ்சு மறுபடி ஆரம்பித்தது. இரண்டு மூச்சு... பட்டென்று நின்றது.

இருமல் இல்லை. திணறல் இல்லை. விசில்கூட இல்லை.

"விநோதமா இருக்கு" என்றார் டாக்டரம்மா, பக்கத்தில் இருந்தவரிடம். "இளைப்பு சுத்தமா போயிடுச்சு. சளி இல்லை, அடைப்பு இல்லை. ஆக்சிஜன் நல்லாப் போகுது. இதயம் சரியா இருக்கு. எல்லாமே சரியா இருக்கு... ஆனா ஆரம்பிச்ச உடனே நின்னுடுது."

சாவியின் கால் தரையில் வழுக்கியது. கட்டிலடியில் ஈரம். யாரோ துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். பினாயில் வாடை வரவில்லை. பாசி வாடை வந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் டாக்டரம்மா. "மயக்க மருந்து குடுத்து, மூச்சை முழுசா நிறுத்தி மெஷின்ல போட்டுடுவோம். அப்புறம் மெஷினை எடுத்துட்டா, தானா புதுசா ஆரம்பிக்கும்."

"வேண்டாம்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அழிக்காதீங்க... இல்ல... நிறுத்தாதீங்க டாக்டர். இப்ப அவளுக்குள்ள ரெண்டு பேரோட மூச்சு இருக்கு. நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சா எது நிக்கும்னு... எது மிஞ்சும்னு நம்ம கையில இல்லை!"

"அண்ணனா நீங்க? பயப்படாதீங்க, வெளியில உட்காருங்க."

யாருக்குப் புரியும்? போனில் ரேடியோவுக்கும் புரியவில்லை. "மச்சான், பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க. டாக்டரைவிட உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ? போனை அவங்ககிட்ட குடுங்க" என்று கத்தினான். கொடுத்தான். வேறென்ன செய்வது? தடுத்தால் தங்கை இப்போதே போய்விடுவாள். தடுக்காவிட்டால்...

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு மூச்சுக்கு மேல் கிடைக்காதவளால் எந்த வார்த்தையையும் முடிக்க முடியவில்லை. "அண்ணா, அவரை..." என்றாள். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

விடிவதற்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மெஷினை எடுத்தார்கள். மூச்சு ஆரம்பித்தது. மூன்று, நான்கு, ஐந்து... நிற்கவே இல்லை. டாக்டரம்மா கைகொடுத்தார். ரேடியோ வந்து இறங்கி ஆனந்தத்தில் அழுதான். சாவி மட்டும் கட்டில் பக்கம் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். சீரான மூச்சு. அலுங்காத மூச்சு. அவன் அங்கிருந்து வீட்டுக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பின அன்று ரேடியோதான் போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மச்சான், எங்க ஆளையே காணோம்? தங்கச்சி ஜம்முனு இருக்கா. விசில் சத்தம் மூச்! இத்தனை வருஷத்துல இப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனா வண்டிதான் மச்சான், மானத்தை வாங்கிடுச்சு. நான் ஸ்டார்ட் பண்ணேன், நின்னுடுச்சு. மெக்கானிக்கைக் கூட்டியாந்தேன், அவனும் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டான். கடைசியில உங்க தங்கச்சி வந்து, தள்ளுங்கன்னா. உக்காந்தா. ஒரே திருகு! அடிச்சுப் பிடிச்சு ஓடுது. இப்பக்கூட அவதான் ஓட்டறா, நான் பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன். ஏரிக்கரை வழியாப் போலாம்னு ஒரே அடம்..."

சாவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அவளுக்கு எப்ப மச்சான் கார் ஓட்டக் கத்துக்குடுத்தீங்க?"